வழிமொழிந்தவள்

வாருங்கள் கண்ணுகளா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காபி ஆறிவிடுமே என்று பார்க்காதீர்கள், குடித்துக்கொண்டே கேட்கலாம். ஒரு ஏரி, ஒரு சங்கம், ஒரு வாயாடி, இந்த மூன்றை வைத்து உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். வாயாடி பேசியதல்ல கதை. பேசாமல் இருந்ததுதான் கதை.

அமெரிக்காவில், ஆர்கன்சா மலைக்காட்டுக்குள் ஹெரன் ஏரி இருக்கிறது. ஓடையை மறித்து மனிதர் கட்டிய ஏரி. அரசாங்கத்துக்கு அதில் பங்கில்லை, கரையில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கே சொந்தம். அணை, மதகு, மண்சாலை எல்லாவற்றையும் வீட்டுக்காரர் சங்கம்தான் பார்த்துக்கொள்கிறது. சங்கத்துக்கு ஐந்து பேர் நிர்வாகக் குழு. சம்பளம் கிடையாது, வசவு மட்டும் வேளா வேளைக்கு வந்துவிடும். கடைக்குப் போனால் காய்கறிக் கூடையோடு மறித்துக்கொண்டு, "என் பக்கத்து வீட்டுக்காரன் கொட்டகைக்கு என்ன கலர் அடிச்சிருக்கான் பாத்தீங்களா?" என்பார்கள்.

வெர்னா அந்தக் குழுவுக்குள் விழுந்ததே ஒரு விபத்து. ஆண்டுக் கூட்டத்தில், "யாராவது நிக்கறீங்களா?" என்று கேட்ட நேரம் பார்த்து அவள் எழுந்தாள். காபி மேசையில் பால் தீர்ந்துபோயிருந்தது, எடுத்துவரப் போனாள். எழுந்தவளைப் பார்த்துக் கூட்டம் கைதட்டிவிட்டது. பால் ஜாடியோடு திரும்பி வந்தபோது அவள் நிர்வாகக் குழு உறுப்பினர்.

ஆனால் நல்லவளைத்தான் பிடித்தார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள். வாய் ஓயாது. ஏரியின் இந்தக் கரையில் அவள் காதில் விழுந்தது சூரியன் சாய்வதற்குள் அந்தக் கரைக்குப் போய்விடும். அதோடு இன்னொரு குணமும் உண்டு. காலித் தட்டை நீட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நின்றால் அவளால் தாங்க முடியாது. யார், என்ன என்று கேட்பதற்குள் கரண்டி சோற்றுக்குள் போயிருக்கும்.

அந்த அக்டோபர் மாதக் கூட்டத்தில் நடந்தது அதுதான்.

சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார், கார்லண்ட். செயின்ட் லூயிசில் ரயில்வே அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. அவர் தலைமையில் வந்த முதல் பெரிய தீர்மானம் ஏரி இறக்கம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இலை உதிர்ந்ததும் மதகைத் திறந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீரை வெளியே விடுவார்கள். குளிர்காலம் முழுக்க ஓரமெல்லாம் சேறாகக் கிடக்கும். அவரவர் வீட்டுப் படகுத்துறைக்கு அப்போதுதான் புதுக் கால் நடுவார்கள், கரைச்சுவர் பூசுவார்கள். வசந்த மழையில் ஏரி மறுபடி நிரம்பும்.

வழக்கமானதுதான். ஆனாலும் மீன்பிடிக்கிறவர்கள் சபிப்பார்கள், சேறு நாற்றமெடுத்தால் ஊரே சபிக்கும். அந்தச் சாபத்தில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று குழுவில் ஒவ்வொருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் தீர்மானத்தைத் தானே முன்மொழிவதற்காக, கூட்டம் நடத்தும் மரச்சுத்தியைத் துணைத்தலைவி லூசிலிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். படித்தார். வழிமொழிய யாருமில்லை. ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தவருக்குப் பிறகு இன்னொருவர் வழிமொழியாவிட்டால், அதைப் பற்றி யாரும் பேசக்கூட முடியாது. அங்கேயே செத்துவிடும். கார்லண்ட் காகிதத்தைப் பிடித்தபடி நின்றார். கழுத்துப் பொத்தானுக்கு மேலே சிவப்பு ஏறிக்கொண்டே போயிற்று.

வெர்னாவின் கண்ணுக்கு அது காகிதமாகத் தெரியவில்லை. காலித் தட்டாகத் தெரிந்தது.

"நான் வழிமொழியறேன்" என்றாள்.

வழிமொழிந்தால் அதற்கே ஓட்டுப் போடவேண்டும் என்று விதி ஏதுமில்லை. இதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்வது, அவ்வளவுதான். ஆனால் அவளுக்கோ, பரிமாறிவிட்டுத் தட்டைப் பிடுங்குவதுபோல இருந்தது. ஓட்டெடுப்பில் கையைத் தூக்கிவிட்டாள். கார்லண்ட், வெர்னா, துறைக்குக் கால் நடும் தொழில் செய்யும் ட்வைட், மூன்று பேர் ஆதரவு. லூசிலும், நாளெல்லாம் மீன்பிடிக்கிற ஹார்மனும் எதிர்ப்பு. தீர்மானம் நிறைவேறியது. நவம்பர் கூட்டத்துக்கு மறுநாள் மதகு திறப்பு.

வீட்டில் அவள் கணவன் ரோய்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோடையில்தான் அவன் தன் துறைப் பலகை முறிந்து தொடைவரை உள்ளே போயிருந்தான்.

"என் பொண்டாட்டி ஏரியையே காலி பண்ணிட்டா! இனிமே யாராவது என்னைப் பாத்து, உன் வீட்ல யாருப்பா பெரியவங்கன்னு கேக்கட்டும்" என்றான்.

"உன் கால் மேல இரக்கப்பட்டு இல்ல. அந்த மனுஷன் கழுத்தைப் பாத்து."

"எந்தக் கழுத்தா இருந்தா என்ன, எனக்குத் துறை கெடைச்சுது."

மறுநாள் ஒரு சட்டி கோழிக்கறியும் சோளரொட்டியும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஓடெலைப் பார்க்கப் போனாள். கிழவர் ஓடெலும் அவர் மனைவி இமொஜீனும் அந்த வளைவில் முதன்முதலில் வீடு கட்டியவர்கள். இமொஜீன் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக அவள் வெளியே வருவதில்லை, மூட்டுவலி என்று ஓடெல் சொல்லியிருந்தார்.

"வா, வா. நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்றாள் இமொஜீன்.

வெர்னா சிரித்தாள். முப்பது வருடப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிற வேடிக்கை என்று நினைத்தாள். ஆனால் இமொஜீன் பதிலுக்குக் காத்திருந்தாள். மரியாதையாக, பொறுமையாக. அந்தக் கண்ணில் வேடிக்கை இல்லை.

"பக்கத்து வீடுதான் இமொஜீன். வெர்னா."

"நல்ல பேரு. ஏரி இன்னிக்கு எவ்வளவு அழகா இருக்கு பாத்தியா?"

ஓடெல் சட்டியை வாங்கி வைத்துவிட்டு, வெர்னாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்து கதவைச் சாத்தினார்.

"ஊருக்குத் தெரியாது. உன் கண்ணுல படாம இவ்வளவு நாள் தப்பிச்சதே பெரிசு" என்றார்.

"ஐயோ ஓடெல். மூட்டுவலின்னு சொன்னீங்களே, நான் வேற வலி மருந்து வாங்கிக் குடுத்தேன்."

"அது என் முட்டிக்கு நல்லாவே கேக்குது." கொஞ்சம் சிரித்தார். பிறகு, "என்ன சேதியோட வந்த?" என்றார்.

"ஏரி இறக்கப் போறோம். உங்க கரைச்சுவரும் பேந்து கெடக்கே, சந்தோஷப்படுவீங்கன்னு..."

கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட இறங்கினார் என்று சொல்ல வேண்டும்.

"போன தடவை இறக்கினப்போ அவளுக்கு இது ஆரம்பிச்ச புதுசு. விடியக்காலம் எழுந்து பாத்தா படுக்கையில ஆளில்ல. ராத்திரி உடுப்போட இடுப்பளவு சேத்துல நிக்கறா. என்ன பண்றேன்னு கேட்டா, 'ஏரியக் காணோம் ஓடெல், தேடிட்டு வந்துடறேன்'ங்கறா. பலகையப் போட்டு, அது மேல குப்புறப் படுத்து நகந்து நகந்து இழுத்தேன். என் பூட்ஸ் ஒண்ணு இன்னும் அங்கதான் இருக்கு."

வெர்னா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போ பாதி நாள் நான் யாருன்னே தெரியாது அவளுக்கு. ஆனா காலையில எழுந்ததும் தண்ணியப் பாப்பா. பாத்துட்டு, 'ம், நம்ம வீடுதான்'னு சொல்லுவா. அப்பறம்தான் ஒரு வாய் சாப்புடுவா. திரை போட்டுப் பாத்தேன், கிழிச்சுட்டா. மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், வீட்டுக்குப் போகணும்னு ரெண்டு நாளும் வாசப்படியிலயே நின்னா. இன்னொரு தடவை அம்மா தனியா வெளிய போனா காப்பகத்துல சேத்துடணும்னு மக சொல்லிட்டா. அவ மேலயும் தப்பில்ல. நானும் ஒத்துக்கிட்டேன். எண்பது வயசுல எத்தனை தடவைதான் குப்புறப் படுத்து நகருவேன்?"

"கூட்டத்துல சொன்னாப் போச்சு ஓடெல். எல்லாரும் மனுஷங்கதானே. நானே சொல்றேன்."

"சொல்லாத." குரல் தடித்தது. "இந்த ஏரியில பாதிப் பேருக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டு சொல்லிக்குடுத்தவ அவ. அவ புத்தி போனதை ஒலிபெருக்கியில சொல்லி, எல்லாரும் உக்காந்து கையைத் தூக்கி முடிவு பண்றதா? அதுக்கு நான் அவளைக் காப்பகத்துலயே விட்டுடுவேன். சத்தியம் பண்ணு வெர்னா. இந்த ஏரியிலயே பெரிய வாய் உன்னுது. அதை மூடறேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

அங்கிருந்து நேரே லூசில் வீட்டுக்குப் போனாள். மனசுக்குள் ஒரு குறுக்கு வழி இருந்தது. லூசில்தான் எதிர்த்து ஓட்டுப் போட்டவள் ஆயிற்றே, அவளே தீர்மானத்தைத் திரும்ப எடுத்தால், தான் சத்தமில்லாமல் கையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரோய்ஸ் முகத்தையும் பார்க்க வேண்டாம், ஊர் வாயிலும் விழ வேண்டாம்.

லூசில் பூசணிக்காயை அறுத்துக்கொண்டே சிரித்தாள். "நான் தோத்தவ. தோத்தவ வாய்க்குப் பூட்டு. சங்க விதி உனக்குத் தெரியாதா? ஒரு தடவை முடிஞ்ச விஷயத்தை அந்த வருஷத்துக்குள்ள திரும்ப எடுக்கணும்னா, ஜெயிச்சவங்கதான் எடுக்கலாம். வழிமொழியறதும் ஜெயிச்ச பக்கத்து ஆளாத்தான் இருக்கணும்."

"இது என்ன விதி? யாரு போட்டா?"

"உன் மாமனார்தான். ஒருத்தர் வேகப்படகு சண்டையை மாசாமாசம் கொண்டுவந்தாராம். அவர் வாயை அடைக்கப் போட்டது." கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன், என்ன ஆச்சு? ரோய்ஸுக்குத் துறை வேணாமா?"

"வேணும்."

"அப்பறம் என்ன?"

வெர்னா வாயைத் திறந்தாள். மூடினாள். வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று வாழ்நாளில் அன்றுதான் தெரிந்தது. "அந்தப் பூசணிக்கா நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். லூசில் ஜன்னல் வழியாக அவள் கார் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயித்தவர்கள் மூன்று பேர். அவளே எடுக்கலாம். வழிமொழிய ட்வைட் வேண்டும், இல்லையென்றால் கார்லண்ட் வேண்டும். ட்வைட்டுக்கு இந்தக் குளிர்காலத்தில் ஏரி முழுக்க வேலை பேசி வைத்திருந்தது. கார்லண்டுக்கு அது சொந்தத் தீர்மானம். யார் கை கொடுப்பார்கள்? அந்த நாட்களில் ரோய்ஸ் கொட்டகையில் மரம் அறுத்துக்கொண்டிருப்பான். அறுக்கிற சத்தம் அவள் நெஞ்சுக்குள்தான் கேட்டது. இரண்டு தடவை கொட்டகை வாசல்வரை போனாள். இரண்டு தடவையும், "எலுமிச்சைத் தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"உனக்கு உடம்பு சரியில்லையா? வீட்டுல இவ்வளவு அமைதியா இருக்கே, பயமா இருக்கு" என்றான் ரோய்ஸ்.

நவம்பர் கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. மறுநாள் மதகு திறப்பதால் திருவிழாக் களை. சுவரோரம் மின்னடுப்பில் அவரைக்கறிச் சட்டிகள், பக்கத்தில் கேக்குகள், காபி. தலைவர் வழக்கம்போல, "புது விஷயம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

வெர்னா எழுந்தாள். இந்த முறை பாலுக்காக அல்ல.

"ஏரி இறக்கத் தீர்மானத்தைத் திரும்ப எடுக்கணும்னு முன்மொழியறேன். இந்த வருஷம் வேணாம்."

முதலில் சிரிப்பு வந்தது. வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். பிறகு நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"போன மாசம் நீதானம்மா வழிமொழிஞ்ச!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஆமா. நான்தான்."

"காரணம்?" என்றார் கார்லண்ட்.

"சொல்ல முடியாது தலைவரே."

"சொல்ல முடியாதுன்னா?"

"வாக்குக் குடுத்திருக்கேன். இவ்வளவுதான் சொல்லலாம். இந்த வருஷம் தண்ணி இறங்கினா, இந்த ஏரிக்காரங்க ஒருத்தருக்குத் தாங்காது. எனக்குத் தெரியாம கையைத் தூக்கிட்டேன். தெரிஞ்சப்பறம் சும்மா இருக்க முடியல."

"மீன்காரங்க என்ன குடுத்தாங்க வெர்னா? ஒரு கூடை கெளுத்தியா?" இது வேறொரு குரல். ஹார்மன் எழுந்து, "நான் புடிக்கற கெளுத்திய விட அவங்க ஆத்மா வெலை ஜாஸ்தி" என்றார். சிரிப்பு எழுந்தது. ஆனால் அதில் இனிப்பு இல்லை.

இன்னொருவர் ரோய்ஸ் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உனக்காவது சொன்னாளா?"

கூட்டம் முழுக்க ரோய்ஸைப் பார்த்தது. வெர்னா மட்டும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அவன் மெதுவாக எழுந்தான். அந்தக் கால் இன்னும் முழுசாக மடங்குவதில்லை.

"சொல்லல" என்றான். "எனக்குத் துறை வேணும். மரமெல்லாம் அறுத்து அடுக்கி வெச்சிருக்கேன். இவளை நாப்பது வருஷமா எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு எனக்கு என்ன பரிசுன்னு ஒரு வருஷம்கூட இவளால மறைக்க முடிஞ்சதில்ல. இப்பேர்ப்பட்டவ ஒரு மாசமா வாயை மூடிட்டு இருக்கான்னா, உள்ள என்னமோ பெருசா இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது." உட்கார்ந்தான். "மரம் எங்கயும் ஓடிப் போகாது."

"வழிமொழிய யாராவது உண்டா?" என்றார் கார்லண்ட்.

லூசில் வாயைத் திறந்து, விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். ட்வைட் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கெட்டவன் இல்லை கண்ணுகளா. நான்கு பேருக்கு வேலை தருகிறவன், அவர்கள் வீட்டு அடுப்பையும் பார்க்கவேண்டும். அவரைக்கறிச் சட்டி ஒன்று கொதித்து மூடியைத் தட்டியது. வெர்னா நின்றுகொண்டே இருந்தாள். கன்னம் எரிந்தது. காலித் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று, கரண்டி பிடித்த அத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் அந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை.

கார்லண்ட் மரச்சுத்தியைக் கையில் எடுத்தார். செத்தது என்று அறிவிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியை லூசில் பக்கம் நீட்டினார்.

"கொஞ்சம் நீங்க நடத்துங்க. தலைவர் நாற்காலியில இருந்துக்கிட்டு நான் இதைச் செய்யக் கூடாது."

எழுந்து நின்றார்.

"வழிமொழியறேன்."

"தலைவரே, கணக்குப் போட்டீங்களா? இவங்க கையை மாத்தினா மூணுக்கு ரெண்டு. உங்க தீர்மானம் போயிடும்" என்றான் ட்வைட்.

"ரயில்வேக்காரனுக்குக் கணக்கு சொல்லித் தராதீங்க தம்பி." கார்லண்ட் வெர்னாவைப் பார்த்தார். "போன மாசம் நான் இங்க தனியா நின்னேன். இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம், ஒருத்தரும் என்னை வீட்டுக்குக் கூப்புட்டதில்ல. அன்னிக்கு வெச்ச கண்ணு வாங்காம எல்லாரும் கூரையைப் பாத்தீங்க. இவங்க ஒருத்தங்கதான் பேச விட்டாங்க. அவங்களுக்கு இப்ப அதே மரியாதையை நான் குடுக்கணும். ஆனா நான் எதிர்த்துதான் ஓட்டுப் போடுவேன். தண்ணி இறங்கணும்னுதான் இன்னும் நெனைக்கறேன்."

சொன்னபடியே எதிர்த்துக் கையைத் தூக்கினார். ட்வைட்டும் தூக்கினான். வெர்னா, லூசில், ஹார்மன் மூன்று கை இந்தப் பக்கம். மதகு மூடியே இருந்தது.

வெளியே வரும்போது ஒருசிலர் வெர்னாவிடம் பேசாமல் போனார்கள். அவளுடைய கேக்கை யாரும் தொடவேயில்லை. கார்லண்ட் மட்டும் ஒரு துண்டு கேட்டார். அவள் முழுக் கேக்கையும் அவர் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க வாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க" என்றாள்.

காரில் ரோய்ஸ் ஒன்றுமே கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "தண்ணி எவ்வளவு சில்லுன்னு இருக்கும் இப்போ?" என்றான்.

"எதுக்குக் கேக்கற?"

"மரம் அறுத்தாச்சுல்ல."

அடுத்த சனிக்கிழமை அவன் மார்பளவு ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினான். தண்ணீரில் நின்றபடியே துறைக்குக் கால் நடுவது முட்டாள் வேலை, ஆனால் முடியாத வேலை அல்ல. மறுகரையிலிருந்து ஹார்மன் படகில் வந்தார், வேடிக்கை பார்க்க என்றார், பிறகு அவரும் இறங்கினார். ட்வைட் தன் கால் நடும் இயந்திரத்தைத் தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவந்தான். "இப்படியும் செய்யலாம் போலிருக்கே" என்று அந்த வாரமே இரண்டு வீட்டுக்கு வேலை பேசிக்கொண்டான். கடைசியாக வந்தவர் கார்லண்ட். கடை விலைச்சீட்டு இன்னும் தொங்குகிற புத்தம்புது ரப்பர் கால்சட்டை. முதல் அடியிலேயே வழுக்கி, கழுத்துப் பொத்தான்வரை நனைந்துபோனார்.

வெர்னா அப்போது ஓடெல் வீட்டு ஜன்னலோரம் இமொஜீனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் ஓடெல் கொஞ்சம் தூங்கட்டும் என்று அவள்தான் வந்து உட்காருகிறாள்.

"யாரது, அந்தக் கிறுக்கனுங்க? இந்தக் குளிர்ல குளிக்கறானுங்க!" என்றாள் இமொஜீன்.

"அதுல ஒண்ணு என் புருஷன்."

"ஐயோ பாவம்மா நீ" என்று இமொஜீன் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள், கஞ்சி சிந்துகிற அளவுக்கு.

சிரிப்புச் சத்தம் தண்ணீர்மேல் போயிருக்க வேண்டும். ரோய்ஸ் நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலில் தன் மனைவி, அவள் கையில் கரண்டி, பக்கத்தில் வாயைத் திறந்து காத்திருக்கிற இமொஜீன். நீண்ட நேரம் பார்த்தான். தொப்பியை எடுத்து ஆட்டிவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டான். அன்று முதல் அவனுக்கும் ஒரு ரகசியம் இருந்தது. அவளைவிட அவன் நன்றாகக் காத்தான்.

இமொஜீன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்கள் நிற்கிற அந்தத் தண்ணீரை, அதன்மேல் ஆடுகிற வெயிலை, கரைவரை நிறைந்து கிடக்கிற ஏரியைப் பார்த்தாள்.

"ம்" என்றாள். "நம்ம வீடுதான்."

போய் வாருங்கள் கண்ணுகளா. நீங்கள் தனியே எழுந்து நிற்கிற நாளில் உங்களுக்காக இன்னொரு கை உயரட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு எது மறந்தாலும், இது நம் வீடு என்பது மட்டும் மறக்காதிருக்கட்டும். உங்கள் ஜன்னலில் எப்போதும் நீர் நிறைந்து நிற்கட்டும்.